சாய்வு சைக்கிளின் பின் ஷாக்கை மாற்றினால் முதுகுக்கு நிம்மதி கிடைக்குமா?

பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசம் போவதற்குள் ஒவ்வொரு வேகத்தடையும் முதுகில் இடிக்கிறது என்கிறீர்கள். இடிக்கத்தான் செய்யும். சாதாரண சைக்கிளில் பள்ளம் வந்தால் பெடலில் எழுந்து நின்றுகொள்வோம். சாய்வு சைக்கிளில் இருக்கையில் சாய்ந்து, காலை முன்னே நீட்டி மிதிப்பவருக்கு அந்த வழியில்லை.

ஷாக்கை, அதாவது பின் சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் பாகத்தை, மாற்றலாம். முதலில் பழையதைக் கழற்றி, இரு முனைத் துளைகளின் மையத்துக்கு மையம் அளந்துகொள்ளுங்கள். அந்த நீளமும் ஷாக் அமுங்கும் தூரமும் பொருந்த வேண்டும். நீளம் மாறினால் இருக்கையின் சாய்வே மாறிவிடும்.

ஸ்பிரிங் ஷாக் என்றால் உங்கள் எடைக்கேற்ற ஸ்பிரிங் வேண்டும். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் திருகை இறுக்கினால் மெத்தென்ற ஸ்பிரிங் கடினமாகிவிடாது, பலரும் ஏமாறும் இடம் இது. காற்று ஷாக்கில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் பஞ்சர் கடைப் பம்ப் உதவாது, தனி ஷாக் பம்ப் வேண்டும். நீங்கள் உட்கார்ந்ததும் ஷாக் அமுங்கும் மொத்தத் தூரத்தில் 20 முதல் 30 சதவீதம் இறங்கினால் சரி.

அப்புறம், காசு செலவழிக்கும் முன் டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்களேன்.