நின்றே கெடும் வண்டி: வீடாக மாற்றிய பழைய டீசல் பேருந்தின் பராமரிப்பு

கேள்வி: சுமார் 30 ஆண்டுப் பழைய டீசல் பேருந்து ஒன்றை வீடாக மாற்றி வைத்திருக்கிறேன். ஏர் பிரேக், ஏர் சஸ்பென்ஷன், 24 வோல்ட், டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறேன். ஆனாலும் காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கிறது. ஏரும் ஒரே இரவில் முழுக்க இறங்கிவிடுகிறது. சர்வீஸ் புத்தகத்தில் எல்லாமே கிலோமீட்டர் கணக்கு. எதை எப்போது பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் அந்தப் பத்து நிமிட ஸ்டார்ட்டை நிறுத்துங்கள். சுமை இல்லாமல் ஐடிலில் ஓடும் டீசல் என்ஜின் உள்ளே சூடாகவே ஆகாது. எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். எரிந்ததில் உண்டாகும் நீராவி வெளியேறாமல் சம்ப்பிலும் (என்ஜின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) சைலன்சரிலும் தண்ணீராகத் தங்கும். இதற்குப் பதிலாக மாதம் ஒருமுறை ரோட்டில் எடுத்து, டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்துக்கு வந்த பிறகும் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். அந்த முள் கூலன்ட் சூட்டைத்தான் சொல்கிறது; ஆயில் சூடாக அதைவிட நேரம் பிடிக்கும். கியர்பாக்ஸ், கிரவுன் (பின் ஆக்சிலின் பல்சக்கரப் பெட்டி), வீல் பேரிங் எல்லாம் உருண்டால்தான் சூடாகும். ஓட்ட முடியாத மாதத்தில் ஸ்டார்ட்டே செய்யாமல் விடுவது மேல்.

புத்தகத்தில் உள்ள கிலோமீட்டர், தினமும் ஓடும் பேருந்துக்குப் போட்ட கணக்கு. நிற்கும் வண்டியைக் கெடுப்பது தேய்மானம் அல்ல. தண்ணீரும் துருவும் காய்ந்துபோகும் ரப்பரும்தான். ஆகவே கிலோமீட்டர், மாதம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதைப் பிடியுங்கள். உங்கள் ஓட்டத்துக்கு மாதக் கணக்குதான் முதலில் வரும். என்ஜின் ஆயிலும் ஃபில்டரும் ஆண்டுக்கு ஒருமுறை. அதையும் நெடுநாள் நிறுத்தும் முன்பே மாற்றுங்கள். ஓடிக் கறுத்த ஆயிலில் அமிலம் இருக்கும். அதை மாதக்கணக்கில் பேரிங்கின் மேல் ஊறவிடக் கூடாது. பெரும்பாலான பழைய நான்கு ஸ்ட்ரோக் என்ஜின்களுக்கு 15டபிள்யூ-40 டீசல் ஆயில் சரி. பழைய இரண்டு ஸ்ட்ரோக் டீசல் என்றால் அதைத் தொடாதீர்கள்; அவற்றுக்குப் பெரும்பாலும் ஒற்றை கிரேடு 40தான் கேட்டிருப்பார்கள். புத்தகத்தில் என்ன கிரேடு போட்டிருக்கிறதோ அதுவே.

இனி உங்கள் காலைப் பிரச்சினை. செல்ஃப் அடிக்கும் முன், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பில் இருக்கும் கைப்பம்பை, அழுத்தம் ஏறி இறுகும் வரை அடித்துப் பாருங்கள். அதன் பிறகு உடனே பிடித்துவிட்டால் நோய் தெரிந்துவிட்டது: லைனில் எங்கோ காற்று நுழைந்து, டீசல் இரவோடு இரவாக டேங்குக்கே திரும்பி இறங்குகிறது. கைப்பம்பு அடித்தும் வித்தியாசம் இல்லை என்றால் பேட்டரி, கேபிள், கடைசியாகக் கம்ப்ரஷன் என்று தேடுங்கள்.

காற்று நுழையும் இடம் பெரும்பாலும் டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில் இருக்கும். இந்தப் பகுதி இழுக்கும் பக்கம் என்பதால் டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் கீழே ஈரம் தேடுபவர்கள் கண்டுபிடிப்பதில்லை. வெடித்த ரப்பர் ஹோஸ், திரும்பத் திரும்பப் போட்ட செப்பு வாஷர், டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டர் கிண்ணத்தின் சீல், கைப்பம்பின் உள்ளே இருக்கும் ஓ-ரிங், இந்த வரிசையில் சந்தேகப்படுங்கள். டேங்க் நிறைந்திருந்தால் நன்றாகப் பிடித்து, பாதிக்குக் கீழ் போனதும் தொல்லை தந்தால் டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாய் துருப்பிடித்து ஊசித்துளை விழுந்திருக்கலாம். ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு, டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் ஹோஸைத் தற்காலிகமாகப் போட்டு என்ஜினை ஓடவிடுங்கள். அதில் குமிழி ஓடினால் குற்றம் டேங்க் பக்கம். ரப்பர் ஹோஸின் வயது தெரியவில்லை என்றால் சோதனைக்குக் காத்திராமல் மொத்தத்தையும் மாற்றிவிடலாம்.

டீசல் ஃபில்டர் மாற்றினால் ஏர் எடுக்க வேண்டும், அதாவது லைனில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டர் தலையில் உள்ள ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்தி, நுரை நின்று டீசல் தெளிவாக வரும் வரை கைப்பம்பை அடியுங்கள். அடித்துக்கொண்டே ஸ்க்ரூவை இறுக்குங்கள். பிறகு இன்ஜெக்டர்களுக்கு டீசல் அனுப்பும் மெயின் பம்பின் ஸ்க்ரூவிலும் அதேபோல. மெயின் பம்புக்கு முன்னால் இருக்கும் இரண்டாவது ஃபில்டரில் கேனிலிருந்து டீசலை ஊற்றி மாட்டும் வழக்கம் வேண்டாம். அந்த டீசல் வடிகட்டப்படாமல் நேராக பம்புக்குப் போகும். கைப்பம்பாலேயே நிரப்புங்கள். செல்ஃபை ஒரே மூச்சில் 15 விநாடிக்கு மேல் அடிக்காமல், இரண்டு நிமிடம் ஆறவிட்டு அடியுங்கள். என்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப்பில் பீறிடும் டீசலுக்குக் கையை நீட்டாதீர்கள். அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

வண்டியை நிறுத்தும்போது டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். காலி இடத்தில் இருக்கும் காற்றின் ஈரம்தான் இரவில் குளிர்ந்து தண்ணீராக இறங்குகிறது. மாதம் ஒருமுறை செப்பரேட்டரின் அடி டேப்பைத் திறந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்துப் பாருங்கள். தண்ணீரும் டீசலும் சேரும் கோட்டில் கறுப்பாக, வழுவழுப்பாக ஏதாவது மிதந்தால் நுண்ணுயிர் வளர்ந்திருக்கிறது. மருந்து மட்டும் ஊற்றினால் போதாது. தண்ணீரை வெளியே எடுக்காதவரை அது திரும்ப வளரும். செத்தது ஃபில்டரை அடைக்கும்.

அடுத்து ஏர். அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஏர் சஸ்பென்ஷன் வண்டிக்கு அடியில், சேசிஸுக்கு ஸ்டாண்ட் கொடுக்காமல் ஒருபோதும் படுக்காதீர்கள். வண்டியைத் தாங்கும் ரப்பர் காற்றுப்பை (பெலோஸ்) ஒன்று வெடித்தாலோ ஒரு குழாய் கழன்றாலோ மொத்த உடலும் நொடியில் கீழே வந்துவிடும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்த பிறகே மற்றதெல்லாம்.

ஒரே இரவில் ஏர் இறங்குவதாலேயே பிரேக் மோசம் என்று பயப்பட வேண்டாம். முழு ஏர் ஏற்றி, என்ஜினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து ஒரு நிமிடம் முள்ளைப் பாருங்கள்; 2 பவுண்டுக்கு (பி.எஸ்.ஐ.) மேல் இறங்கக் கூடாது. பிறகு பெடலை முழுக்க மிதித்து, முதலில் சட்டென விழுவதை விட்டுவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். 3 பவுண்டு எல்லை. நிமிடத்துக்கு 2 பவுண்டு என்றாலே 120 பவுண்டு ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதாவது சோதனையில் தேறிய வண்டியும் காலையில் காலியாக நிற்கலாம். ஆனாலும் கசிவை அடையுங்கள். இல்லாவிட்டால் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஏற்றும், சூடாகும், ஆயிலைத் தள்ளும். காலையில் வண்டியின் எந்த மூலை தாழ்ந்திருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பக்க பெலோஸ் அல்லது வண்டியின் உயரத்தைச் சீராக்கும் லெவலிங் வால்வுதான் முதல் சந்தேகம். எல்லா மூலையும் சமமாக இருந்தால் சோப்புத் தண்ணீரோடு ஜாயின்ட், கதவு சிலிண்டர், ஹாரன், டிரைவர் சீட் என்று வாருங்கள்.

பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்து ஏரைக் குறையுங்கள். 60 பவுண்டுக்குக் கீழ் போகும் முன்பே எச்சரிக்கை பஸ்ஸர் அடிக்க வேண்டும். 45க்கும் 20க்கும் இடையில் பார்க்கிங் பிரேக் பட்டன் தானாக வெளியே குதிக்க வேண்டும். ஓட்டிய நாளெல்லாம் மாலையில் ஏர் டேங்குகளின் டிரெயினை இழுங்கள். கொஞ்சம் தண்ணீர் வந்தால் பரவாயில்லை. பால்போல் எண்ணெய் கலந்து வந்தால் கம்ப்ரசர் ஆயில் தள்ளுகிறது. வெள்ளைத் தூள் வந்தால் ஏர் டிரையரின் உள்ளே ஈரத்தை உறிஞ்சும் குருணை உடைந்துவிட்டது. கார்ட்ரிட்ஜை உடனே மாற்றுங்கள். ஓட்டம் குறைவென்றாலும் அதற்கு இரண்டு மூன்று ஆண்டுதான்.

பலரும் விட்டுவிடுவது பிரேக் சேம்பரின் (ஏர் அழுத்தத்தால் சக்கர பிரேக்கை இயக்கும் கிண்ணம்) புஷ் ராடு எவ்வளவு நகர்கிறது என்பதை. கட்டை கொடுத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, ராடு சேம்பரிலிருந்து வெளிவரும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஏர் 90 முதல் 100 பவுண்டு இருக்கும்போது உதவிக்கு ஒருவர் பெடலை முழுக்க மிதித்துப் பிடிக்கட்டும். கோடு எவ்வளவு வெளியே வந்தது என்று அளந்து பாருங்கள். சாதாரண 30 எண் சேம்பருக்கு எல்லை 51 மி.மீ., 24 எண் சேம்பருக்கு 44 மி.மீ. நீள ஸ்ட்ரோக் வகைக்கு அளவு வேறு, சேம்பரிலேயே குறித்திருக்கும். ராடோடு இணைந்து பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் கையால் டைட் வைக்கும் வகை என்றால், லைனிங் டிரம்மைத் தொடும் வரை திருகி, கால் முதல் அரைச் சுற்று தளர்த்தி, மறுபடி அளந்து பாருங்கள். தானியங்கி அட்ஜஸ்டர் எல்லை தாண்டியிருந்தால் அதைத் திருகிச் சரிசெய்வது நோயை மூடிவைப்பதாகும்; லைனிங்கை விரிக்கும் எஸ்-கேம் தண்டின் புஷ்ஷும், ராடை அட்ஜஸ்டரோடு இணைக்கும் கிளிவிஸ் பின்னும் தேய்ந்திருக்கும், இல்லையேல் அட்ஜஸ்டரே போயிருக்கும். பார்க்கிங் பிரேக் சேம்பரின் கிளாம்பை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். உள்ளே அழுத்தி வைத்திருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும்.

கூலன்ட் விஷயத்தில், உங்கள் என்ஜின் வெட் லைனர் வகையா (சிலிண்டர் உறையை நேராகக் கூலன்ட் தொடுவது) என்று தெரிந்துகொள்ளுங்கள். அப்படியானால் லைனரின் வெளிப்புறத்தில் குமிழிகள் வெடித்து வெடித்து உலோகத்தை அரிக்கும். கடைசியில் தண்ணீர் சிலிண்டருக்குள் வரும். இதைத் தடுப்பது கூலன்ட்டில் இருக்கும் சேர்மானம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் பார்த்துக் குறைந்தால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடுதலாக ஊற்றினால் கூழாகி ரேடியேட்டரை அடைக்கும்.

24 வோல்ட்டுக்குத் தொடராக மாட்டிய இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து விளக்கோ ஃபேனோ ஓட்டுகிறீர்களா? வீடாக மாற்றிய பேருந்துகளில் இது அடிக்கடி நடக்கும். ஒன்று எப்போதும் பட்டினி, இன்னொன்று ஓவர்சார்ஜ். இரண்டும் சீக்கிரம் சாகும். கன்வெர்ட்டர் வைத்து எடுங்கள்.

கிரீஸ் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் எடை இறங்கிய பிறகு, சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்கு அடியுங்கள். யூனிவர்சல் ஜாயின்ட்டில் நான்கு முனையிலும் புது கிரீஸ் பிதுங்க வேண்டும். எஸ்-கேமுக்குக் கையால் அழுத்தும் கிரீஸ் கன்னால் அளவாக அடியுங்கள்; மிஞ்சினால் லைனிங்கில் போய் ஒட்டும். கிரவுனின் காற்றுத் துளையான பிரீதர் அடைத்திருந்தால் சூட்டில் அழுத்தம் ஏறி ஆயில் சீல் வழியாகக் கசியும். சீல் மாற்றும் முன் பிரீதரைச் சுத்தம் செய்து பாருங்கள்.

டயரில் பட்டன் (ரோட்டைத் தொடும் மேற்பரப்பின் வெட்டு) ஆழமாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 3417 என்றால் 2017ஆம் ஆண்டின் 34ஆவது வாரத் தயாரிப்பு. ஏழு ஆண்டு கடந்த டயரை முன் சக்கரத்தில் வைத்து ஓட்டுவது சரியல்ல. கட்டில், அலமாரி, தண்ணீர் டேங்க் எல்லாம் ஏற்றிய பிறகு எடை மேடையில் ஒவ்வொரு ஆக்சிலையும் தனித்தனியாக எடை போட்டு, டயர் தயாரிப்பாளரின் அட்டவணைப்படி காற்று வையுங்கள். இரட்டைச் சக்கரத்தில் உள் டயரையும் கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும்; உதைத்துப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. சக்கரம் கழற்றி மாட்டினால் 80 முதல் 160 கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்சால் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.