“வரியை ஆதரிக்கிறீர்களா?” என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்

கேள்வி: திருப்பூரில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். நொய்யல் ஆற்றைக் கெடுக்கும் சாயக்கழிவுக்குச் சுற்றுச்சூழல் வரி போடலாமா, போட்டால் யார் கட்ட வேண்டும் என்று 150 பேரிடம் கருத்து கேட்டு ஆய்வறிக்கை எழுத வேண்டும். என் படிவத்தில் முக்கியமான கேள்விகள் இரண்டு. “நொய்யலைப் பாதுகாக்கச் சுற்றுச்சூழல் வரி விதிப்பதை ஆதரிக்கிறீர்களா? ஆம் / இல்லை.” “அதை யார் கட்ட வேண்டும்? அரசு / தொழிற்சாலை / பொதுமக்கள்.” முன்னோட்டமாக 12 பேரிடம் கேட்டுப் பார்த்தேன். 11 பேர் ஆம் என்றார்கள், 10 பேர் தொழிற்சாலை என்றார்கள். இதை வைத்து என்ன எழுதப் போகிறாய் என்று கைடு கேட்கிறார். தப்பு கேள்வியிலா, நான் தேர்ந்தெடுத்த ஆட்களிலா?

பதில்: கேள்வியில்தான். ஆட்களிலும் கொஞ்சம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் முதல் கேள்வியை நீங்களே ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள். நொய்யலைப் பாதுகாக்க வேண்டாம் என்று உள்ளூரில் யார் சொல்வார்? “பாதுகாக்க” என்ற வார்த்தை முன்னாலேயே வந்துவிட்டதால் பதிலும் அங்கேயே முடிந்துவிட்டது. எவ்வளவு வரி, யார் கையிலிருந்து போகிறது, வாங்கிய பணம் எங்கே போகும், இந்த மூன்றும் கேள்விக்குள் இல்லை என்றால் நீங்கள் அளப்பது வரி பற்றிய கருத்தை இல்லை, ஆற்றின் மேல் இருக்கும் பாசத்தை.

பல வருடங்களுக்கு முன் நானும் இதே மாதிரி ஒரு படிவத்தோடு அலைந்திருக்கிறேன். ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் அம்மா ஒருவர், டீ நேரத்தில் வாசலில் நின்றுகொண்டு, கேட்ட எல்லாவற்றுக்கும் ஆமாங்க, ஆமாங்க என்று சொன்னார். பக்கத்தில் சூப்பர்வைசர் நின்றிருந்தார். படிவத்தை மூடிவிட்டு, “அக்கா, இதனால துணி விலை ஏறும், உங்க கம்பெனிக்கு ஆர்டர் குறையலாம், அப்பவும் சரியா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “அப்ப யோசிக்கணும் கண்ணு” என்றார். அந்த ஒரு பதில்தான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த உண்மையான தரவு, ஆனால் என் படிவத்தில் அதை எழுத ஒரு கட்டம்கூட இல்லை. கம்பெனி வாசலில் வைத்துக் கேட்காதீர்கள், வீட்டில் போய்க் கேளுங்கள் என்று நான் எல்லா மாணவர்களிடமும் சொல்வது அதனால்தான்.

சரி, இரண்டாவது கேள்வி. அதில்தான் உங்கள் ஆய்வின் உயிரே இருக்கிறது. “தொழிற்சாலை கட்டட்டும்” என்பது நியாயமான பதில், சட்டமும் அந்தப் பக்கம்தான். பாலாற்றுத் தோல் கழிவு பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல், மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. நொய்யல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில், சுத்திகரிக்காமல் விடும் கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசா என்று தொடங்கி, மாதங்கள் போகப் போக ஏறும்படி அபராதம் விதித்தது.

ஆனால் கட்டுகிறவர் ஒருவர், சுமக்கிறவர் இன்னொருவர். இதை உங்கள் படிவத்தில் கொண்டுவர ஒரு சின்னக் கணக்கு போதும். ஒரு கிலோ துணிக்குச் சாயம் ஏற்ற 50 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கிலோ துணியில் ஐந்து டி-ஷர்ட். லிட்டருக்கு 6 பைசா என்றால் கிலோவுக்கு 3 ரூபாய், ஒரு டி-ஷர்ட்டுக்கு 60 பைசா. இந்த 60 பைசாவை யார் ஏற்பது? சாயப்பட்டறைக்காரர் ஜாப் ஒர்க் ரேட்டை ஏற்றுவார். ஏற்றுமதியாளர் வெளிநாட்டு பையரிடம் கேட்டுப் பார்ப்பார், பையர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தன் லாபத்தில் குறைத்துக்கொள்வார், இல்லையென்றால் தையல் கூலியில் கை வைப்பார். ஆக, தொழிற்சாலை என்று டிக் அடித்தவரில் சிலர் தங்கள் கூலிக்கு எதிராகவே டிக் அடித்திருக்கலாம், அது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“அரசு” என்ற கட்டத்தை எடுத்துவிடுங்கள். அரசுக்கென்று தனிப் பை கிடையாது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவே வெளியே விடாத முறைக்கு மாறுவதற்குத் தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. வட்டியில்லாக் கடன் என்றால், அந்த வட்டியை நாம் எல்லாரும் சேர்ந்து கட்டுகிறோம் என்று அர்த்தம். எனக்கு அதில் தப்பு தெரியவில்லை, ஒரு ஊரின் பிழைப்பே அதில் மாட்டியிருந்தது. ஆனால் படிவத்தில் அதை “எல்லாருடைய வரிப்பணத்திலிருந்து” என்று வெளிப்படையாக எழுதுங்கள், அப்போது எத்தனை பேர் அந்தக் கட்டத்தை டிக் அடிக்கிறார்கள் என்று பாருங்கள். “தொழிற்சாலை” என்ற கட்டத்தையும் சாயப்பட்டறை, ஏற்றுமதி நிறுவனம், வெளிநாட்டு பையர் என்று உடையுங்கள். ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லாமல், 100 ரூபாய் செலவு என்றால் அதை இவர்களுக்குள் எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேளுங்கள். ஒரு நாணயம் பத்து ரூபாய் என்று சொல்லி, பத்து நாணயத்தைக் கையில் கொடுத்து காகிதத்தில் வரைந்த கட்டங்களில் வைக்கச் சொன்னால், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் யோசித்து வைப்பார்கள்.

பணம் எங்கே போகும் என்பதைப் பற்றி ஒரு கேள்வி கட்டாயம் வேண்டும், ஏனென்றால் வரிக்கு எதிர்ப்பு என்று நாம் எழுதுவதில் நிறையப் பகுதி உண்மையில் அவநம்பிக்கை. அதற்குக் காரணமும் இருக்கிறது. 2010-ல் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் தூய்மை எரிசக்தி செஸ், அதாவது ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று வாங்கும் கூடுதல் வரி, என்று ஆரம்பித்தார்கள், 2016-ல் அது 400 ஆனது, 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் மாநிலங்களுக்கு இழப்பீடு கொடுக்கும் செஸ்ஸில் கலந்துவிட்டது, 2025 செப்டம்பரில் அதையும் எடுத்துவிட்டு நிலக்கரிக்கான ஜிஎஸ்டியை 5 சதவீதத்திலிருந்து 18 ஆக்கினார்கள். சுற்றுச்சூழல் பேரில் பிறந்த பணம் வேறு கணக்குக்குப் போனதைப் பார்த்தவர் அடுத்த வரியை எப்படி நம்புவார்? இதற்கு நேர் எதிராக நீலகிரியில் 2022-ல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருவது ஆரம்பமானது. கையை விட்டுப் போன பத்து ரூபாய் கைக்கே திரும்புகிறது, யாரும் யாரையும் நம்ப வேண்டிய அவசியமே இல்லை.

திருப்பிக் கொடுத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எழுதிவிடாதீர்கள். கனடாவில் 2019 முதல் எரிபொருள் மேல் வாங்கிய கார்பன் கட்டணத்தின் பெரும்பகுதியை மத்திய அரசு குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுத்தது. 2022-ல் நேச்சர் கிளைமேட் சேஞ்ச் இதழில் வந்த ஆய்வு, அந்தத் தொகை ஆதரவைப் பெரிதாகக் கூட்டவில்லை என்று காட்டியது. தங்களுக்கு எவ்வளவு வந்தது என்பதையே நிறையப் பேர் குறைத்து நினைத்திருந்தார்கள். பெட்ரோல் போடும்போதெல்லாம் செலவு கண்ணில் படும், திரும்பி வருவது எப்போதோ ஒருமுறை வங்கிக் கணக்கில் சத்தமில்லாமல் விழும். 2025 ஏப்ரல் 1 முதல் பொதுமக்கள் கட்டி வந்த அந்தக் கட்டணத்தையே நீக்கிவிட்டார்கள்.

அப்புறம் பெயர். வரி, கட்டணம், அபராதம், டெபாசிட், நான்குக்கும் காதில் விழும் சத்தம் வேறு. அமெரிக்காவில் 2010-ல் வந்த ஓர் ஆய்வில், விமான டிக்கெட்டில் சேர்த்த அதே தொகையை வரி என்றபோது ஒதுக்கியவர்களில் ஒரு பகுதியினர், கார்பன் ஈடு, அதாவது பயணத்தில் வரும் புகையை ஈடுகட்டும் தொகை, என்றபோது ஏற்றுக்கொண்டார்கள். நீங்களும் செய்து பார்க்கலாம்: 75 படிவத்தில் “சாயக்கழிவு வரி”, மீதி 75-ல் “நொய்யல் மீட்புக் கட்டணம்”, மற்ற எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். யாருக்கு எந்தப் படிவம் என்பதை வீட்டு வாசலில் நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள், முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆனால் ஒன்று, 75க்கு 75 என்ற அளவில் இரண்டுக்கும் 5 சதவீத வித்தியாசம் வந்தால் அதைக் கண்டுபிடிப்பு என்று எழுதாதீர்கள். சுமார் 16 சதவீதப் புள்ளிக்கு மேல் இருந்தால்தான் தற்செயல் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். 150 பேரையும் சேர்த்துச் சொல்லும் எந்தச் சதவீதமும், நீங்கள் குலுக்கல் முறையில் சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தாலே, 8 புள்ளி மேலேயோ கீழேயோ இருக்கலாம். “தெரியாது” என்ற கட்டம் வையுங்கள், அதை டிக் அடித்தவரை விடாமல் துருவிக் கேட்காதீர்கள்.

இப்போது ஆட்கள். உங்கள் 12 பேரும் திருப்பூர் நகரத்துக்காரர்கள்தான் என்று நினைக்கிறேன். நொய்யல் திருப்பூரோடு நிற்பதில்லை, சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையம் அணை வழியாகக் கரூர் மாவட்டம் போய்க் காவிரியில் சேர்கிறது. பாசனத்துக்காக 1992-ல் திறந்த அந்த அணை சில வருடங்களிலேயே சாயத்தண்ணீர் தேங்கும் தொட்டியாக மாறி, சுற்றி இருந்த கிணறுகள் உப்பாகின. அந்தத் தோட்டத்துக்காரர்கள் யாரும் ரசீது வாங்காமல் பல வருடம் கட்டியிருக்கிறார்கள், விளைச்சலாக, வாயில் வைக்க முடியாத கிணற்றுத் தண்ணீராக, விற்ற மாடுகளாக. அவர்கள் இல்லாமல் யார் கட்ட வேண்டும் என்று ஓர் ஆய்வு எழுதினால் எனக்கு மனசு ஒப்பாது. 150-ல் ஒரு 50 பேராவது அணைக்குக் கீழ் கிராமங்களிலிருந்து இருக்கட்டும், அவர்கள் பதிலை நகரத்து எண்களோடு கலக்காமல் தனி அட்டவணையாகப் போடுங்கள்.

அவர்களிடம் முதல் கேள்வியாக வரியைப் பற்றிப் பேச வேண்டாம். “இந்தத் தண்ணியால இதுவரைக்கும் உங்களுக்கு என்ன செலவு ஆச்சுங்க?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். குடிதண்ணீர் லாரிக்குக் கொடுத்தது, புதிதாகப் போட்ட போர்வெல், கைவிட்ட பயிர் என்று அவர்களே சொல்வார்கள், வருடத்தோடு எழுதிக்கொள்ளுங்கள், பத்து நாணயத்தை அதற்கு அப்புறம் எடுங்கள்.