பழைய படகு, புது செட்டு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அண்ணே, எங்களுடையது அப்பா காலத்து மர விசைப்படகு. லேலண்ட் இன்ஜின், 24 வோல்ட். பழைய ஜிபிஎஸ், ஆழம் பார்க்கிற எக்கோ, பேசுகிற விஎச்எஃப் வயர்லெஸ் மூன்றும் தனித்தனியாக ஓடுகின்றன. இந்த மீன்பிடித் தடைக்காலத்தில், கடல் வரைபடத்தில் இடத்தைக் காட்டுகிற புது பிளாட்டரும், சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டுகிற ஏஐஎஸ்ஸும் வாங்கி எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துவிடலாம் என்கிறான் மகன். பழைய ஜிபிஎஸ்ஸில் இடம் சரியாக வருகிறது, தேதி மட்டும் இருபது வருடம் பின்னால் நிற்கிறது. அதைக் கழற்றி வீசிவிடலாமா?
– விசைப்படகு உரிமையாளர், மண்டபம்

பதில்: வீசாதீர்கள் தம்பி. தேதி தப்பாக வருவது மெஷின் கெட்டுப்போனதால் அல்ல. பழைய ஜிபிஎஸ் வாரங்களை 1024 வரை எண்ணிவிட்டுத் திரும்பவும் பூஜ்யத்துக்குப் போகும். கடைசியாக அப்படிப் போனது 2019 ஏப்ரல் 6 இரவு. 1024 வாரம் என்றால் ஏறத்தாழ 19 வருடம் 7 மாதம். உங்கள் செட்டு அவ்வளவு பின்னால் நிற்கிறது. இடத்தைக் கணக்கிட அது தடையில்லை. ஆனால் அந்தத் தப்பான தேதியைப் புது பிளாட்டருக்குள் விடக் கூடாது. அதனால் பழையதை இணைப்பில் சேர்க்காமல், தனி வயர், தனி ஃபியூஸ் போட்டு அப்படியே ஓடவிடுங்கள். வடகடலில் (பாக் நீரிணைப் பக்கம்) இலங்கை எல்லைக்கோட்டை ஒட்டித் தொழில் செய்கிற படகில் ஒன்றையொன்று சாராத இரண்டு ஜிபிஎஸ் இருப்பது நல்லது.

முதல் வேலை, பழையதில் பதிந்திருக்கிற பாயிண்டுகளை, அதாவது இடக் குறிப்புகளை, நோட்டில் எழுதுவது. உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி செத்தால் அப்பா சேர்த்த பார் (கடலடிப் பாறைத் திட்டு) எல்லாம் போய்விடும். எழுதும்போது நிமிடத்துக்குப் பின்னால் வருவது தசமமா செகண்டா என்று பாருங்கள். 9 டிகிரி 15.50 நிமிடத்தை 15 நிமிடம் 50 செகண்ட் என்று புதியதில் அடித்தால், பாயிண்ட் அறுநூறு மீட்டருக்கு மேல் வடக்கே போய்விடும். மெஷின் ஒரு வார்த்தை சொல்லாது. 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் எல்லைப் புள்ளிகளில் ஒன்று 9 டிகிரி 21.80 நிமிடம் வடக்கு, 79 டிகிரி 30.70 நிமிடம் கிழக்கு. அங்கேயும் தசமம்தான். 80 செகண்ட் என்று ஒன்று கிடையாது என்பதால் அதையாவது செட்டு ஏற்காது. இரண்டு செட்டிலும் டேட்டம் (இடத்தைக் கணக்கிடும் அடிப்படை அளவுமுறை) டபிள்யூஜிஎஸ்-84 என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். வேறாக இருந்தால் அதிலேயே நூற்றுக்கணக்கான மீட்டர் நகரும்.

அடுத்தது கரண்ட். இங்கேதான் பலரும் காசை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். இரண்டு 12 வோல்ட் பேட்டரியை வரிசையாகப் போட்டிருப்பீர்கள். புது செட்டு 12 வோல்ட் கேட்கிறது என்று அதில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுக்கிற பழக்கம் நம் கரை முழுக்க உண்டு. அந்த பேட்டரி எப்போதும் பாதி வயிறாகக் கிடக்கும், பக்கத்து பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஏறிக் கொதிக்கும், கடைசியில் இரண்டும் போகும். 24-லிருந்து 12-க்கு மாற்றும் கன்வெர்ட்டர் போடுங்கள். செல்ஃப் அடிக்கும்போது செட்டு அணைந்து எரிந்தால், செட்டுகளுக்கு என்றே தனி பேட்டரி வேண்டும். வீட்டு வயர் வேண்டாம். உப்புக் காற்றில் செம்பு பச்சை பூத்துவிடும். ஈயம் பூசிய வயர் கேட்டு வாங்குங்கள். பிளாட்டருக்குக் கொடுக்கிற காசில் இது சிறிய தொகைதான்.

சரி, இணைப்புக்கு வருவோம். செட்டுகள் ஒன்றோடொன்று பேச ஒரு பொது மொழி உண்டு. பழைய செட்டுகள் பேசுவது என்எம்இஏ 0183. அதில் ஒருவர் பேசலாம், பலர் கேட்கலாம். இரண்டு பேரை ஒரே வயரில் பேசவிட்டால் ஒன்றும் வராது. ஜிபிஎஸ்ஸின் வேகம் பெரும்பாலும் விநாடிக்கு 4800 பிட், ஏஐஎஸ்ஸுக்கு 38400. இரு பக்கமும் ஒரே வேகம் வைக்காவிட்டால் திரை காலியாகத்தான் இருக்கும். வயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, ஊகித்துச் சொருகாதீர்கள்.

புதியவை பேசுவது என்எம்இஏ 2000. நடுவே ஒரு முதுகு வயர், அதிலிருந்து ஒவ்வொரு செட்டுக்கும் ஆறு மீட்டருக்கு மிகாத கிளை. முதுகின் இரண்டு முனையிலும் 120 ஓம் டெர்மினேட்டர். கரண்டை அணைத்துவிட்டு வெள்ளைக்கும் நீலத்துக்கும் இடையே மீட்டர் வையுங்கள். 60 ஓம் காட்டினால் சரி. 120 காட்டினால் ஒரு டெர்மினேட்டர் இல்லை, அல்லது எங்கோ வயர் விட்டிருக்கிறது. இந்த முதுகுக்கும் 12 வோல்ட்தான், 24-ஐக் கொடுத்துவிடாதீர்கள்.

எக்கோவை இணைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. பாக் நீரிணையில் பெரும்பகுதி ஏழெட்டு பாக (ஒரு பாகம் ஆறடி) ஆழத்துக்குள்தான். உங்களுடையது 200 கிலோஹெர்ட்ஸ் எக்கோ என்றால் அதற்குத் தாராளம். அதன் டிரான்ஸ்டியூசர் (தண்ணீரில் ஒலியை அனுப்பி வாங்கும் கருவி) புது பிளாட்டருக்குப் பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. இணைக்க வேண்டிய ஒன்று விஎச்எஃப். அதில் சிவப்பு டிஸ்ட்ரெஸ் பட்டன் இருந்து, எம்எம்எஸ்ஐ என்ற படகின் அடையாள எண்ணும் பதிந்திருந்தால், புது பிளாட்டரிலிருந்து இடத்தை அதற்குக் கொடுங்கள். பட்டனை அழுத்தும்போது படகு நிற்கிற இடமும் சேர்ந்து போகும். மகனிடம் இதை முதலில் செய்யச் சொல்லுங்கள். ஏஐஎஸ்ஸுக்குத் தனி ஆன்டெனா போடுங்கள். விஎச்எஃப் ஆன்டெனா வயரை வெட்டிப் பங்கு போடக் கூடாது.

கேள்வி: ஃபைபர் படகில் புதிதாக எல்இடி விளக்கு மாட்டினோம். அன்றிலிருந்து இரவில் வயர்லெஸ்ஸில் பக்கத்துப் படகுக்காரர் பேசுவதே கேட்கவில்லை. செட்டு போய்விட்டதா?
– வாசகர், ஏர்வாடி

பதில்: செட்டை விடுங்கள், விளக்கைச் சந்தேகப்படுங்கள். மலிவு எல்இடிக்குள் இருக்கும் சர்க்யூட் விஎச்எஃப் அலைவரிசையிலேயே இரைச்சல் கிளப்பும். விளக்கை அணைத்துவிட்டு, ஆள் பேசாத சேனலில் ஸ்குவெல்ச் என்ற இரைச்சல் அடக்கும் குமிழைத் திருகி, இரைச்சல் அப்போதுதான் நிற்கிற இடத்தில் விடுங்கள். இப்போது விளக்கைப் போடுங்கள். இரைச்சல் திரும்பி வந்தால் குற்றவாளி அதுதான். ஆன்டெனாவிலிருந்து தள்ளி மாட்டிப் பாருங்கள், அப்படியும் நிற்காவிட்டால் வேறு விளக்கு வாங்குங்கள். கடையில் வாங்கும் முன்பே இதே சோதனையைச் செய்ய விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.