லீட்கோடு என்ற கோடிங் பயிற்சித் தளத்தில் நிறைய கணக்குகள் போட்டும் பெரிய நிறுவன இன்டர்வியூவில் ஏன் தடுமாறுகிறேன்?

பெரும்பாலும் காரணம், கேள்வி காதில் விழுந்ததுமே கோடு எழுத ஆரம்பிப்பதுதான். 45 நிமிடத்தில் முதல் 5 நிமிடம் நீங்கள் கேள்வி கேளுங்கள்: அர்ரே (உறுப்புகளின் வரிசை) காலியாக வரலாமா, மைனஸ் எண் உண்டா, அளவு எவ்வளவு? அளவுதான் துருப்புச்சீட்டு. 1,00,000 உறுப்புகள் என்றால் லூப்புக்குள் லூப் 1,000 கோடி ஸ்டெப், எடுபடாது. சார்ட்டிங் (வரிசைப்படுத்துதல்), ஹாஷ் மேப் (சாவியைக் கொடுத்தால் மதிப்பைச் சட்டென்று எடுத்துத் தரும் அமைப்பு) பக்கம் போங்கள். வெறும் 20 என்றால் எல்லாச் சேர்க்கைகளையும் முயன்றாலும் சுமார் 10 லட்சம்தான், தாராளமாகச் செய்யலாம்.

எளிய வழியையும் அதன் செலவையும் (எத்தனை ஸ்டெப் ஆகும் என்பதை) வாயால் சொல்லிவிட்டு, மேம்பட்டதை மட்டும் எழுதுங்கள். பல இடங்களில் கோடை ரன் செய்ய முடியாது. அதனால் ஆட்டோகம்ப்ளீட் இல்லாத வெற்று எடிட்டரில் பழகுங்கள். முடித்ததும் சிறு உதாரணம் ஒன்றை வரிவரியாக ஓட்டிக் காட்டுங்கள்.

பைனரி சர்ச் (வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடுவது) வந்தால் கவனம்: தேடும் பகுதியின் தொடக்கம் லோ, முடிவு ஹை என்றால், நடு இடத்தை (லோ + ஹை) / 2 என்று எழுதினால் ஜாவாவில் கூட்டுத்தொகை 32 பிட் முழு எண்ணின் உச்ச வரம்பைத் தாண்டி மைனஸாகிவிடலாம். ஜாவாவின் சொந்த லைப்ரரியிலேயே இந்தப் பிழை பல ஆண்டுகள் ஒளிந்திருந்து 2006-ல்தான் பரவலாகத் தெரியவந்தது. லோ + (ஹை - லோ) / 2 என்று எழுதுங்கள். பைத்தானில் இந்தத் தொல்லை கிடையாது.