ராஸ்பெரி பை தானாகத் தொடங்கும்போது பார்கோடு ஸ்கேனர் படிக்கும் எண் என் நிரலுக்கு ஏன் வருவதில்லை?

நீங்கள் சொல்வது இதுதான்: பைத்தானில் இன்புட் கட்டளை வைத்து எழுதிய சிறு நிரல். டெர்மினலில் (கட்டளை தட்டும் திரையில்) ஓட்டினால் ஸ்கேன் செய்த எண்ணை ஒழுங்காக வாங்கிக்கொள்கிறது. ராஸ்பெரி பை என்ற அந்தச் சின்னக் கணினிப் பெட்டி பூட் ஆகும்போதே, லினக்ஸில் நிரல்களைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி வழியாக ஓடவிட்டால் எதுவும் வருவதில்லை, ஸ்கேனர் மட்டும் ‘பீப்’ என்கிறது.

இதே இடத்தில் நான் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். சித்தப்பாவின் மளிகைக் கடைக் கிடங்கில் சரக்கு எண்ணுவதற்காக ஒரு ராஸ்பெரி பையும் துப்பாக்கி வடிவ யூஎஸ்பி ஸ்கேனரும் வைத்தோம். திரை இல்லை, கீபோர்டு இல்லை. மூன்றாம் நாள் பெட்டியை வீட்டுக்கு எடுத்துவந்து டிவியில் மாட்டி, சமையலறையில் கிடைத்ததையெல்லாம் ஸ்கேன் செய்தேன். திரையில் லாகின் கேட்டு நின்றுகொண்டிருந்தது. சோப்பின் 13 இலக்க எண் பயனர் பெயராகப் போய் விழுந்தது. அடுத்து ஸ்கேன் செய்த பிஸ்கட்டின் எண்ணைக் கடவுச்சொல்லாக விழுங்கிவிட்டு, உள்நுழைவு தவறு என்று சொன்னது. கிடங்கில் இரண்டு நாளாக நடந்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கணினியைப் பொறுத்தவரை அந்த ஸ்கேனர் ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். கோடுகளைப் படித்து, எண்களை மளமளவென்று தட்டி, கடைசியில் என்டர் அடிக்கிறது. கீபோர்டில் தட்டுவது அப்போது முன்னால் இருக்கும் டெர்மினலுக்குத்தான் போகும். சிஸ்டம்டி தொடங்கிவைத்த நிரலுக்கு டெர்மினலே கிடையாது. அதன் உள்ளீட்டு வழி வெறுமையோடு இணைக்கப்பட்டிருக்கிறது. இன்புட் கட்டளை அங்கே போய்ப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று ஈஓஎஃப் (உள்ளீடு முடிந்தது) பிழையோடு விழுந்துவிடும். சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலைத் திறந்து பாருங்கள், அந்த வரி இருக்கும்.

ஆகவே டெர்மினலை நம்பாமல் சாதனத்தையே நேரடியாகப் படிக்க வேண்டும். லினக்ஸில் அதற்கு ஈவ்டெவ் என்ற பைத்தான் நூலகம் இருக்கிறது. நிரலை ஓட்டும் பயனர் ‘இன்புட்’ என்ற பயனர் குழுவில் இருந்தால் போதும், ரூட் (நிர்வாகி) உரிமை தேவையில்லை. சாதனத்தைத் திறந்ததும் முதல் வேலையாகக் கிராப் செய்துவிடுங்கள், அதாவது நிரலுக்கே சொந்தமாகப் பிடித்துவைத்துவிடுங்கள். அதன் பிறகு ஸ்கேனர் தட்டுவது உங்கள் நிரலுக்கு மட்டுமே வரும், லாகின் திரைக்குச் சோப்பு போகாது.

இனி நான் சறுக்கிய இடம். ஈவ்டெவ் எண்ணைத் தராது, எந்த விசை என்பதைத்தான் தரும். ஒவ்வொரு விசைக்கும் அழுத்தியதற்கு 1, விட்டதற்கு 0 என்று இரண்டு செய்திகள் வரும். 1 வருவதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். விசைக் குறியீடுகளோ 1-க்கு 2, 2-க்கு 3 என்று ஏறி 9-க்கு 10 வரை போகின்றன. பூஜ்யம் கீபோர்டில் ஒன்பதுக்கு அப்புறம் இருப்பதால் அதற்கு 11. என்டருக்கு 28. நான் இதைக் கவனிக்காமல் 0 முதல் 9 வரை வரிசையாக அட்டவணை போட்டுவிட்டேன். இந்தியாவில் பதிவான பொருட்களின் எண் 890 என்று தொடங்கும். எனக்கு எல்லாமே 789 என்று தொடங்கின.

காட்டிக்கொடுத்தது கடைசி இலக்கம். 13 இலக்க எண்ணில் முதல் பன்னிரண்டை 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டி, அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் பதின்மூன்றாவது இலக்கம். சும்மா 890123456789 என்று எழுதிக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: கூட்டுத்தொகை 130, ஆகவே கடைசி இலக்கம் 0. ஸ்கேனரே இதைச் சரிபார்த்துவிட்டுத்தான் பீப் அடிக்கிறது. இருந்தாலும் நிரலிலும் ஒருமுறை வைத்தேன். என் அட்டவணையில் ஒரு பாக்கெட்டும் தேறவில்லை. தவறு ஸ்கேனரில் இல்லை, என்னிடம் என்று அப்போதுதான் புரிந்தது.

எண்ணை எழுத்துச் சரமாகவே வைத்திருங்கள். முழு எண்ணாக மாற்றினால், 0-வில் தொடங்கும் அமெரிக்கப் பொருட்களின் எண்ணில் முதல் இலக்கம் காணாமல் போய்விடும்.

சாதனத்தை ‘ஈவென்ட் 3’ என்பது போன்ற பெயரால் திறக்க வேண்டாம், அடுத்த பூட்டில் அது வேறு எண்ணாக மாறலாம். பை-ஐடி (by-id) என்ற அடைவில் ஸ்கேனரின் பெயரோடு இருக்கும் இணைப்பையே பயன்படுத்துங்கள். கடைப் பையன் போனுக்குச் சார்ஜ் போடுவதற்காக ஸ்கேனரைப் பிடுங்குவான் என்பதையும் எதிர்பாருங்கள். பிடுங்கிய கணமே நிரல் செத்துவிடும். நிரலை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் சர்வீஸ் கோப்பில் எப்போதும் மறுதொடக்கம் என்றும், இடையில் சில விநாடி இடைவெளி என்றும் எழுதிவைத்தால் போதும்.

ஸ்கேனரோடு வந்த கையேட்டில் கீபோர்டாக நடிக்காமல் எழுத்துகளை நேராக அனுப்பும் யூஎஸ்பி சீரியல் முறைக்கு மாற்றும் பார்கோடு அச்சிடப்பட்டிருந்தால், அதை ஸ்கேன் செய்துவிட்டு மேலே சொன்ன கீபோர்டு தலைவலி முழுவதையும் மறந்துவிடலாம். அப்போது எண் ஒரு வரியாகவே வந்து சேரும். எங்களுடைய மலிவு ஸ்கேனரில் அந்த வசதி இல்லை.

ஒரே எண் இரண்டு விநாடிக்குள் மறுபடி வந்தால் தள்ளிவிடும்படி நான் முதலில் எழுதியிருந்தேன். கை தவறி இருமுறை அழுத்திவிடுவார்களே என்ற நினைப்பு. சித்தப்பா ஒரே மாதிரி மூன்று சோப்புகளை வரிசையாக அழுத்தினார், கணக்கில் ஒன்றுதான் ஏறியது. மாலையில் சரக்குக் குறைகிறது என்று பையனுக்குத் திட்டு விழுந்தது. பாவம், அவன் மேல் தவறே இல்லை. அந்த வரிகளை அன்றிரவே எடுத்தேன். பதிலாக, ராஸ்பெரி பையில் வெளிக் கருவிகளை மாட்டும் ஜிபிஐஓ முனையில் ஒரு சின்ன பஸரை மாட்டி, எண் கோப்பில் பதிவான பிறகு மட்டும் அது ஒலிக்கும்படி செய்தேன். ஸ்கேனரின் பீப், கோட்டைப் படித்தேன் என்பதை மட்டுமே சொல்கிறது. சித்தப்பா இப்போது இரண்டாவது சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த பொருளைக் கையில் எடுக்கிறார்.