வாசகர் கேள்வி – பதில்: புது நூலகம் வருது, யாரைக் கேட்டுக் கட்டுவது?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு பஞ்சாயத்து வார்டில் புது நூலகம் கட்டப் போகிறார்கள் என்று போன இதழில் ஒரு வரி எழுதினாலும் எழுதினேன், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கமிருந்து வரிசையாகக் கடிதங்கள். பாதிக்கு மேல் ஒரே கேள்விகள்தான். அதனால் இந்தத் தடவை மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு இது மட்டும்.

வரைபடம் போட்டு ஆபீஸில் ஒட்டியும் ஆயிற்று. இப்போது கிராம சபையில் கருத்துக் கேட்கிறோம் என்கிறார்கள். போய் என்ன பிரயோஜனம், சார்?
– வாசகர், வேலந்தாவளம்

போங்கள். வரைபடம் ஒட்டியிருப்பதாலேயே டெண்டர் போய்விட்டது என்று அர்த்தமில்லை. எஸ்டிமேட்டுக்குத் தொழில்நுட்ப அனுமதி வாங்கியாயிற்றா என்று முதலில் கேளுங்கள். வாங்கவில்லையென்றால் சுவரை நகர்த்தலாம், கதவை மாற்றலாம், கக்கூஸைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் கொண்டுவரலாம். வாங்கிய பிறகு ஒரு ஜன்னலைத் தள்ளி வைக்கச் சொன்னாலும் மறுபடி எஸ்டிமேட், மறுபடி அனுமதி என்று இழுக்கும், யாரும் அதற்குத் தயாராக இருக்க மாட்டார்கள். கட்டட வரிக்கு மேல் அதில் 5 சதவீதத்தை நூலக வரியாகவும் நீங்கள் கட்டுகிறீர்கள், ஆகவே ஓசியில் யோசனை சொல்லப் போகிறோமே என்ற கூச்சமும் வேண்டாம்.

ஆனால் கிராம சபையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். சட்டப்படி வார்டு வாக்காளர்களில் 10 சதவீதம் பேர் வந்தாலே கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை, ஆகிவிடும், வருகிறவர்களும் பெரும்பாலும் எப்போதும் வருகிற அதே முகங்கள். அவர்களிடம் ‘என்ன வேணும்?’ என்று கேட்டால் ஏசி, இன்டர்நெட், பெரிய ஹால் என்று பட்டியல் வரும். கல்யாண மண்டபத்துக்கும் அதே பட்டியல்தான். நூலகத்துக்கு வராதவர்களைத் தேடிப் போய்க் கேளுங்கள். காலையில் பால் சொசைட்டியில் கேனோடு நிற்கிறவர்கள், தொழிலுறப்பு (அரசின் ஊரக வேலை உறுதித் திட்டம்) வேலைக்குப் போகிற அம்மாக்கள், குடும்பஸ்ரீ என்கிற பெண்கள் குழுக்களின் கூட்டம், அங்கன்வாடி வாசல். கேள்வியையும் மாற்றுங்கள்: ‘கடைசியாக நூலகத்துக்கு எப்போது போனீங்க, அப்புறம் ஏன் போகலை?’ பூட்டியிருந்தது, உட்கார இடமில்லை, உள்ளே போக ஒரு மாதிரி இருந்தது என்று பதில் வரும். அந்தப் பதில்களை வைத்துத்தான் கட்டடத்தை வரைய வேண்டும்.

இன்னொன்று. நீலநிற வரைபடத்தைப் பார்த்து அறை எவ்வளவு பெரிசு என்று புரிந்துகொள்வது நம்மில் பலருக்கு முடியாத காரியம், நமக்கு எதற்கு என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மூட்டை சுண்ணாம்புப் பொடி வாங்கி, அந்த மனையிலேயே வரைபடத்தை முழு அளவில் கோடு போடச் சொல்லுங்கள். இது வாசல், இது அலமாரி, இது குழந்தைகள் இடம். வீட்டிலிருந்து நாலு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து உள்ளே போட்டு ஆட்களை நடக்கவிடுங்கள். இரண்டு பேர் எதிரெதிரே போனால் இடிக்கிறதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எஞ்சினியரும் கூட நின்றால் ரொம்ப நல்லது.

சொன்ன யோசனை ஒவ்வொன்றுக்கும் ஏற்றோம், ஏற்கவில்லை, ஏன் என்று எழுதி அதே போர்டில் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். அது இல்லாமல் கருத்துக் கேட்பு என்பது கையெழுத்து வாங்குகிற வேலை.

எங்கள் ஊர்ப் பழைய நூலகத் திண்ணையில் எப்போதும் ஆண்கள்தான், பேப்பரும் கேரம் போர்டுமாக. அவர்களைத் தாண்டி உள்ளே போகவே கூச்சம். புதியதில் பெண்களுக்குத் தனி அறை கேட்கலாமா, அண்ணா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

கேட்காதீர்கள் தங்கச்சி. தனி அறை என்றால் கட்டடத்தின் கடைசியில், ஜன்னல் குறைந்த ஒரு அறையைத் தருவார்கள், மூன்றாம் மாதம் உடைந்த நாற்காலிகளெல்லாம் அங்கே சேரும். நீங்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறது, தாண்டிப் போகிற வழிதான் சிக்கல். பேப்பர் மேஜை வாசலை அடைத்துக்கொண்டு இருக்கக் கூடாது, பக்கவாட்டில் தனித் திண்ணை வைத்து அங்கே போகட்டும். கேரம் அதற்கும் அப்பால். வாசலில் நுழைந்ததும் நூலகர் மேஜை. உள்ளிருந்தே போகிற மாதிரி, தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை. வாசலில் இருந்து பஸ் ஸ்டாப் வரை ஒரு விளக்கு.

நேரமும் டிசைனில் சேர்ந்ததுதான். வேலைக்குப் போய்த் திரும்பி அடுப்பு வேலை தொடங்குவதற்கு நடுவில் கிடைக்கிற அரைமணி எப்போது என்று பெண்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்குச் சொன்ன ஐந்து விதிகளில் நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. சாவி வரக் காத்திருக்க வைக்கிற நூலகம் அதில் தோற்றுவிடுகிறது.

கேரளத்தில் பெண் நூலகர்கள் வீடு வீடாகப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கிற திட்டமும் இருக்கிறது. உங்கள் நூலகம் அதில் சேருமானால் பை வைக்க, புத்தகம் பிரித்து அடுக்க, வாசலை ஒட்டி ஒரு சின்ன மேடை வேண்டும். இதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். தமிழுக்குத் தனி அறை கேட்கச் சொல்கிறார் ஒருவர், அப்படிக் கேட்டால் சண்டை வரும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வண்ணாமடை

தனி அறை வேண்டாம், தனி அலமாரி கண்டிப்பாக வேண்டும், அதுவும் வாசலில் நின்றால் கண்ணில் படுகிற இடத்தில். அறை என்றால் பூட்டு, பூட்டு என்றால் சாவி யாரிடம் என்ற கதை வரும். புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்க உலகம் முழுக்க நூலகங்கள் வைத்திருக்கிற டூயி பகுப்பு எண்ணில் தமிழ் இலக்கியம் 894.811, மலையாள இலக்கியம் 894.812. ஆக, முறைப்படி அடுக்கினாலே பக்கத்துப் பக்கத்தில்தான் வரும். சண்டைக்கு இடமில்லை.

அறிவிப்புப் பலகை இரண்டு எழுத்திலும் இருக்கட்டும். அதைவிட முக்கியம், வருஷா வருஷம் புத்தகம் வாங்குகிற பணத்தில் தமிழுக்கு எவ்வளவு என்பதை இப்போதே எழுத்தில் வாங்குவது, இல்லையென்றால் திறப்பு விழா அன்று நன்கொடையாக வந்த பழைய புத்தகங்களோடு அந்த அலமாரி நின்றுவிடும். கோவைப் புத்தகத் திருவிழா நமக்குப் பக்கம். மானியப் பணத்தில் அங்கே வாங்க விதி இடம் தருமா என்று தாலுகா நூலக கவுன்சிலில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில்தான் நீங்கள் உதவ முடியும், ஐயா. பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது. யாராவது உரக்க வாசித்துக் காட்டினால் ஒட்டிக்கொள்வார்கள். உரக்க வாசிக்கிற மூலையை, அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் பக்கத்தில் வைத்தால் இரண்டு தரப்பும் கெடும், எனவே அது திண்ணைப் பக்கம், இவர்கள் உள்பக்கம்.

எல்லாம் போனில் வந்தாச்சு, இனி எதற்குக் கட்டடம்?
– வாசகர், நாட்டுக்கல்

பி.எஸ்.சி.க்குப் படிக்கிற பிள்ளையிடம் கேளுங்கள். தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்றே எல்.டி. கிளார்க் பணியிடங்கள் இருக்கின்றன, அதற்கு நம் ஊர்களில் எத்தனை பேர் டிவி ஓடுகிற ஒற்றை அறையில் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? போன் சார்ஜ் போட பிளக் பாயின்ட் அதிகம் வைக்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

கீழே கடை, மேலே நூலகம் என்கிறார்கள். வாடகை வருமாம். சரியா?
– வாசகி, கோபாலபுரம்

வாடகை வரும், வயசானவர்கள் வர மாட்டார்கள். அதோடு புத்தகத்தின் கனம் சாதாரணமல்ல. வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ தாங்குகிற மாதிரி கணக்கிடுவார்கள், நூலகப் புத்தக அறைக்கு இந்தியத் தரக் கணக்கு 600 கிலோவில் தொடங்குகிறது. மாடிக்குக் கொண்டுபோனால் கம்பி, கான்கிரீட் எல்லாம் கூடும், வாடகைக் கணக்கில் அதையும் எழுதச் சொல்லுங்கள். மாடி வேண்டுமானால் கூட்ட அறை மேலே போகட்டும், புத்தகம் கீழேயே இருக்கட்டும்.

ஆடி மாதக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும், பேப்பர் மேல் கல்லை வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டியிருக்கும், புழுதி வேறு. மேற்கில் பெரிய ஜன்னல் வேண்டாம், சாயங்கால வெயிலும் அட்டைகளை வெளுக்க வைக்கும். வெளிச்சம் வடக்கிலிருந்து வரட்டும்.

சாய்தளத்தையும் அளந்து பாருங்கள். சக்கர நாற்காலிக்கு ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். தரை இரண்டடி உயரமென்றால் சாய்தளம் 24 அடி. முன்னால் அவ்வளவு முற்றம் இல்லையென்றால் நடுவில் ஒரு மேடை வைத்துத் திருப்ப வேண்டும், இல்லையா, தரையின் உயரத்தையே குறைக்க வேண்டும். படிக்கட்டுக்குப் பக்கத்தில் செங்குத்தாக ஒரு சிமென்ட் சரிவைப் பூசிவிட்டு சாய்தளம் வைத்தாயிற்று என்று பில் போடுவார்கள், அதற்கு முன்னால் டேப்பை எடுத்துக்கொண்டு போய் நில்லுங்கள்.