அந்த ‘நாம’ யாரு?

வணக்கம் அண்ணா,

2020ல கொரோனாவுக்காக சிங்கப்பூர்ல போட்ட ஊரடங்கு, அதான் சர்க்கியூட் பிரேக்கர், அதப் பத்தி போன மாசம் நீங்க எழுதின கட்டுரைய படிச்சேன். நல்லா இருந்துச்சு, ஆனா ஒரு எடம் உறுத்துது. “நாம எல்லாரும் ஒழுங்கா மாஸ்க் போட்டோம், கை கழுவினோம், அதான் தப்பிச்சோம்”னு எழுதியிருக்கீங்க. யாரு அண்ணா அந்த நாம? எங்க வீட்டுல நான்தான் போலீஸ். என் வீட்டுக்காரர் கோப்பிக்கடைக்கு கீழ எறங்கும்போது மாஸ்க் தாடைல தொங்கும், லிஃப்ட் பட்டன தொட்ட கையாலயே மூக்க சொறிவாரு. கேட்டா என் மாமியார், “ஆம்பளப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது, சும்மா நச்சரிக்காத”ம்பாங்க. இப்ப அவருக்கு ஒரு வாரமா இருமல். மாமியாருக்கு 78 வயசு, ஆஸ்துமா வேற. வீட்டுக்குள்ள மாஸ்க் போடுங்கன்னா கேக்க மாட்றாரு. ஆம்பளைங்க பொறப்புலயே இப்படியா, இல்ல நாங்கதான் ஓவரா பயப்படுறோமா? பதில் போடுங்க, பேரு மட்டும் போட்டுடாதீங்க.

ஒரு வாசகி, யீஷூன்

வணக்கம்மா,

மாட்டிக்கிட்டேன். உங்க கடிதத்த என் மனைவிகிட்ட படிச்சுக் காட்டினேன், அவ ஒண்ணும் சொல்லல, சிரிச்சா, அதுவே போதும்.

நடந்தத சொல்லிடுறேன். 2020 ஏப்ரல்ல சமூக மன்றத்துல அரசாங்கம் துணி மாஸ்க் குடுத்துச்சு இல்லையா, எங்க வீட்டுக்கு போய் வாங்கிட்டு வந்தது நான்தான். பெரிய சாதனை பண்ண மாதிரி அத போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். 14ஆம் தேதிலேர்ந்து வெளிய போனா மாஸ்க் கட்டாயம், இல்லன்னா மொத தடவை 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம்னு வந்துச்சு, நானும் ஒழுங்கா போட்டேன். ஆனா ராத்திரி ஆனா நாலு மாஸ்க்கையும் சோப்புத் தண்ணில ஊற வெச்சு, தேய்ச்சு, ஜன்னல் கம்பில கிளிப் மாட்டி, காலைல காஞ்சிருக்கான்னு தொட்டுப் பாத்து, யாரோடது எதுன்னு கதவுக்குப் பின்னால ஆணில வரிசையா மாட்டி வெச்சது யாரு? நான் கதவ தொறந்து கைய நீட்டுவேன், மாஸ்க் அங்க இருக்கும். அது தானா அங்க வந்துச்சுன்னுதான் இத்தன வருஷமா நெனச்சிருக்கேன் போல, அதான் கட்டுரைல ‘நாம’ன்னு வந்துருச்சு.

இது உங்க வீடு எங்க வீடு கதை மட்டும் இல்ல. 2020 மார்ச், ஏப்ரல்ல எட்டு நாட்டுல 21,649 பேர்கிட்ட கேட்டு ஒரு ஆய்வு வந்துச்சு, ஆஸ்திரேலியா, இத்தாலி, அமெரிக்கா, பிரிட்டன் எல்லாம் அதுல உண்டு. கொரோனாவ பெரிய ஆபத்தா பாத்ததும், கட்டுப்பாடு சரின்னு சொன்னதும், அத கடைப்பிடிச்சதும் பொம்பளைங்கதான் அதிகம். கொரோனாவுக்கு முன்னாலயும் கதை இதேதான். 2009ல பிரிட்டன்ல நெடுஞ்சாலை ஓய்வு நிலையத்து டாய்லெட்ல சென்சார் வெச்சு எண்ணிப் பாத்தாங்க, சோப்பு போட்டு கழுவின பொம்பளைங்க 64 விழுக்காடு, ஆம்பளைங்க 32. பாதி! அந்த ஆய்வுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. சுவத்துல விதவிதமா வாசகம் ஓட விட்டுப் பாத்தாங்க, ஆம்பளைங்ககிட்ட நோய் பத்தின அறிவுரைய விட அருவருப்பா எதையாவது சொன்னதுதான் வேலை செஞ்சுது, ரெண்டு பேருக்கும் நல்லா வேலை செஞ்சது “பக்கத்துல நிக்கறவர் சோப்பு போட்டு கழுவுறாரா?”ங்கற கேள்வி. அதாவது யாராவது பாக்குறாங்கன்னு தோணணும்.

உங்க மாமியார் சொன்னது இருக்கே, அது அப்படியே தலைகீழ். முப்பது லட்சத்துக்கு மேல கொரோனா நோயாளிங்க கணக்க சேத்துப் பாத்த ஆய்வுல, தொத்து ரெண்டு பேருக்கும் ஏறக்குறைய சமமா வந்தாலும் ஐசியூ வரைக்கும் போற வாய்ப்பு ஆம்பளைக்கு கிட்டத்தட்ட மூணு மடங்கு, சாகுற வாய்ப்பும் கூடத்தான். ஒண்ணும் ஆகாத ஆம்பளப் புள்ளைக்குத்தான் அதிகம் ஆச்சு. இத பக்குவமா சொல்லுங்க, 78 வயசு மனுஷி, பயந்துரப் போறாங்க.

சரி, பொறப்புலயே இப்படியான்னு கேட்டீங்க. எனக்கு அப்படி தோணல. அந்த எட்டு நாட்டு ஆய்வுலயே இன்னொரு சேதி இருக்கு, கல்யாணம் ஆகி சேந்து வாழுறவங்ககிட்ட இந்த ஆண் பெண் வித்தியாசம் கொறஞ்சுது. பொறவிக் கோளாறுன்னா தாலி கட்டினதும் எப்படி கொறையும்? ரெண்டு பேரும் ஒரே வீட்டுல ஒரே மாதிரி நெனைக்க ஆரம்பிச்சிருக்கலாம்னு சொல்லலாம்தான். என்னைக் கேட்டா, உங்கள மாதிரி ஒருத்தர் வாசல்ல நின்னு “மூக்குக்கு மேல ஏத்துங்க”ன்னு சொல்லிக்கிட்டே இருந்ததாலதான் கொறஞ்சுது. உங்க நச்சரிப்பு அவர் கணக்குல ஒழுக்கமா ஏறிருச்சு, கட்டுரை எழுதுறவன் வந்து ‘நாம’ன்னு மொத்தத்தையும் கூட்டி வெச்சுட்டான்.

இன்னொரு கணக்கும் இதுக்கு ஒத்து வருது. மாஸ்க், கை கழுவறது, கூட்டத்த தவிர்க்கறது மாதிரி தெனசரி விஷயங்கள பொம்பளைங்க செய்யற வாய்ப்பு சுமார் 50 விழுக்காடு அதிகம், தடுப்பூசி, மருந்துன்னு வரும்போது ஆம்பளைங்க ஒரு 12 விழுக்காடு முந்துறாங்கன்னு 2016ல பழைய ஆய்வுகள எல்லாம் தொகுத்துப் பாத்து எழுதியிருக்காங்க. படிச்சதும் எனக்கு சமூக மன்ற வரிசைதான் ஞாபகம் வந்துச்சு. ஊசிக்கு ஆன்லைன்ல மொத ஆளா ஸ்லாட் போட்டதும் நான்தான். ஒரு தடவை போனோமா, முடிச்சோமா, பிளாஸ்திரிய போட்டோ எடுத்தோமான்னா நாங்க ரெடி. தெனமும், அதுவும் யாரும் பாக்காத எடத்துல செய்யணும்னாதான் கை நழுவுது. (2021 ஜூலைல கேடிவின்னு சொல்ற, பொண்ணுங்க உபசரிக்கற கரோக்கே பார்கள்லேர்ந்து கொரோனா கூட்டமா பரவினப்ப ஆம்பளைங்க ஒழுக்கத்தப் பத்தி எங்க பொண்டாட்டிமார் குரூப்ல ஓடின ஜோக்குங்கள இங்க எழுத முடியாது.)

ஆனா ‘ஆம்பளைன்னா அப்படித்தான்’னு முடிச்சுறாதீங்க, ஏன்னா இந்த ஊர்ல பொம்பளையே இல்லாத ஆம்பளைங்க உலகம் ஒண்ணு இருந்துச்சு. தங்குவிடுதி. மூணு லட்சத்துக்கு மேல வெளிநாட்டு ஊழியர்கள், ஒரு ரூம்ல பத்துப் பன்னிரண்டு பேர், அதுக்கு மேலயும் உண்டு, ஒரே சமையல்கட்டு, வரிசைல நின்னு குளியல். 2020 டிசம்பர்ல அரசாங்கம் சொன்ன கணக்குப்படி அவங்கள்ல 47 விழுக்காட்டுப் பேருக்கு தொத்து வந்து போயிருந்துச்சு. எனக்குத் தெரிஞ்ச புதுக்கோட்டைத் தம்பி ஒருத்தன் அப்ப வீடியோ கால்ல வருவான், அவன் தலைக்கு மேல கட்டில் கம்பில பனியனும் மாஸ்க்கும் பக்கத்துல பக்கத்துல காயும், தெனமும் துவைச்சுதான் போட்டான், அவனுக்கு துவைச்சுக் குடுக்க யாரு இருக்கா? அவனுக்கும் வந்துச்சு. இருபது அங்குலம் தள்ளி இன்னொருத்தன் மூச்சு விடுற எடத்துல மாஸ்க்க எத்தன மணி நேரம் போட்டுத் தூங்குறது. அதனால யாருக்கு நோய் வந்துச்சுங்கறத வெச்சு யாரு ஒழுங்கு, யாரு ஒழுங்கில்லன்னு அளந்துற முடியாதும்மா, என் கட்டுரைல “அதான் தப்பிச்சோம்”னு எழுதினதும் தப்புதான். தப்பிச்சதுக்கு தனி ரூமும் ஒரு காரணம்.

அந்தத் தம்பிய பாத்தப்புறம் எனக்கு ஒண்ணு வெளங்குச்சு, வேலை யாரு கைல இருக்கோ அவங்களுக்குத்தான் பழக்கம் வரும். என் விஷயத்துலயும் அப்படித்தான். அந்த வருஷக் கடைசில அப்பாவுக்கு இதய ஆபரேஷன் ஆகி எங்க வீட்டுல வந்து தங்கினாரு. மனைவிக்கு ஆபீஸ், அதனால மருத்துவமனைக்கு கூட்டிட்டுப் போறது, காயத்துக்கு கட்டு மாத்துறது எல்லாம் என் தலைல. ரெண்டே வாரத்துல நான் அவளவிட மோசமான போலீஸ் ஆயிட்டேன். மகன் பந்து விளையாடிட்டு வந்து நேரா தாத்தா பக்கத்துல உக்காந்தான்னு நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு சீன அங்கிள் கதவ தொறந்து எட்டிப் பாத்தாரு. மனைவி அடுப்பங்கரைலேர்ந்து, “இப்ப யாரு நச்சரிக்கிறது?”ன்னா.

அதனால உங்க வீட்டுக்காரருக்கு மாஸ்க் பத்தி இனிமே சொல்லாதீங்க, பத்து வருஷம் சொன்னாலும் அது உங்க வேலையாத்தான் இருக்கும். அவங்க அம்மாவோட இன்ஹேலர், மருந்து டப்பா, பலதுறை மருந்தக அப்பாயின்ட்மென்ட் இத மொத்தமா அவர்கிட்ட ஒப்படைச்சுருங்க, இருமல் நின்னதும் அவரே கூட்டிட்டுப் போகட்டும். ஒரு வாரமா இருமல்னா மொதல்ல அவரே டாக்டர பாக்கட்டும். அதுவரைக்கும் அம்மா இருக்கற பக்கம் வர வேணாம், தனி ரூம்ல படுக்கட்டும். தலகாணிய நீங்க எடுத்துட்டுப் போய் போடாதீங்க.